தீக்குச்சி ஒன்று போதும்!

ஆபீஸ் போகிற இளைஞர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். ஒரே கேள்விதான். ஒரு தீப்பெட்டி, ஒரு கட்டு விறகு, ஒரு அடுப்பு. பெட்ரோல், மண்ணெண்ணெய், பிளாஸ்டிக் கவர் எதுவும் தரப்பட மாட்டாது. ஒரு டம்ளர் டீ போட்டுத் தர வேண்டும்.

பலருக்கு முட்டை மார்க்தான். எம்.பி.ஏ. படித்தவர் அமோகமாகப் புகை உற்பத்தி செய்வார். கம்ப்யூட்டர்க்காரர் அடுப்பை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணலாமா என்று யோசிப்பார். அரசு ஊழியர், 'இது என் சீட்டில் வராது சார், பக்கத்து சீட்டில் கேளுங்கள்' என்று சொல்லிவிடுவார்.

குற்றம் சொல்வதற்கில்லை. நாம் லைட்டர் தலைமுறை. குமிழைத் திருகினால் நீல ஜுவாலை. 'இந்தக் காலத்தில் விறகு அடுப்பை எவன் சார் பற்றவைக்கிறான்?' என்று கேட்பீர்கள். பற்றவைக்கிறோமே! குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கும்போது. மொட்டை மாடியில் பிரியாணி போடும்போது. நண்பர்களோடு கடற்கரையில் 'கேம்ப் ஃபயர்' என்று கிளம்பும்போது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காட்டேஜ் எடுத்து, சுவரோடு கட்டிய கணப்பின் முன்னால் தீப்பெட்டியோடு உட்காரும்போது. அப்புறம், புயல் வரும்போது.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவே வாய்க்காலாகிவிட்டது. கரண்ட் இல்லை. கரண்ட் அடுப்பு, மிக்ஸி, மைக்ரோவேவ் எல்லாம் அலமாரிப் பொம்மைகளாக உட்கார்ந்திருந்தன. மழை விட்டதும் வீராம்பட்டினத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன், என்ன ஆச்சோ என்று பார்த்துவிட்டு வர. (சாப்பாடும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்!)

வீராம்பட்டினத்தைத் தெரியாதவர்களுக்கு: புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்த மீனவர் கிராமம். செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரோட்டம் ரொம்பப் பிரசித்தம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பாராம். அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்து, ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த இடம் என்று உலகத்துக்குச் சொன்னாரே, அதே இடம். அங்கே கண்ணாடியை உருக்கி மணி செய்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆள் கண்ணாடியையே உருக்கியிருக்கிறான். அவன் பேரன் பேத்திகளான நாம் ஒரு டம்ளர் டீக்குத் தடுமாறுகிறோம்.

அந்த அம்மன் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. அதுவும் விறகுக் கதைதான். ஒரு மீனவர் வலையில் மீனுக்குப் பதில் மரக்கட்டை சிக்கியதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாராம். ஒருநாள் அடுப்புக்கு விறகில்லை என்று அதைப் பிளக்கப் போக, கோடாலி பட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டதாம். அப்புறம்தான் அது சாதாரணக் கட்டை இல்லை என்று கும்பிட ஆரம்பித்தார்களாம். என் அத்தை இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்ட நீதி ரொம்ப நடைமுறையானது: 'எந்தக் கட்டையா இருந்தாலும் இன்னா ஏதுன்னு பாத்துட்டு அடுப்புல வையி.'

நான் போனபோது வீட்டில் கேஸும் தீர்ந்திருந்தது. பின்கட்டு ஓட்டுச் சார்ப்பில் இருந்த பழைய மண் அடுப்பைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். என் மச்சான் (அத்தை மகன், இன்ஜினீயரிங் பட்டதாரி) தன் பைக்கின் பெட்ரோல் டியூபைப் பிடுங்கிக்கொண்டிருந்தான், கையில் ஒரு வாட்டர் பாட்டிலோடு.

"இன்னாடா பண்ற?" என்றாள் அத்தை.

"விறகு நமுத்துப் போயிருக்கும்மா. கொஞ்சூண்டு பெட்ரோல் ஊத்தினா குபீர்னு புடிச்சுக்கும்."

"ஆமாண்டா. உன்னையும் சேத்துதான் புடிச்சுக்கும். போட்றா கீழ!"

நான் சும்மா இருக்கலாமல்லவா? "ஒரு மூடி அளவு ஊத்தினா ஒண்ணும் ஆவாது அத்தை" என்று மச்சானுக்காக வாதாடினான் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அத்தை பதில் சொல்லவில்லை. வலது கையை நீட்டி முழங்கை வரைக்கும் காட்டினாள். சின்ன வயசிலிருந்து நான் பார்த்த கைதான். தோல் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று, மெழுகை வழித்துப் பூசின மாதிரி இருக்கும். பிறவியிலேயே அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன்.

"கல்யாணமாயி வந்த புதுசு. உங்க மாமா கடல்லேருந்து பசியோட வந்து நிக்குறாரு. அடுப்பு அணைஞ்சு போயி பொகஞ்சிட்டு இருந்துது. அவசரத்துக்கு கிருஷ்ணாயில ஊத்துனேன். ஒரு நிமிஷத்த மிச்சம் புடிச்சேன் கண்ணு. ஆஸ்பத்திரிக்கு நாப்பது நாளு குடுத்தேன்."

மச்சான் பாட்டிலைக் கீழே வைத்தான். ரொம்ப நேரம் ஒருத்தரும் பேசவில்லை.

அத்தைக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்பதை விஞ்ஞானம் விளக்கிவிடும். எண்ணெய் எரிவதில்லை, எண்ணெயிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த ஆவி போதுமான அளவு கிளம்ப ஏறக்குறைய 40 டிகிரி சூடு வேண்டும். அணைந்த அடுப்பில் சாம்பலுக்கு அடியில் இருக்கும் கங்கு பல நூறு டிகிரி. அதன் மேல் ஊற்றினால் முதலில் தீப் பிடிக்காது. வெள்ளைப் புகைதான் வரும். 'என்னடா, பிடிக்கலையே' என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், குனிந்து பார்ப்போம். அந்த வெள்ளைப் புகைதான் மண்ணெண்ணெய் ஆவி. ஒரு பொறி போதும். மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், நாம் குனிந்திருக்கும் முகத்துக்கு நேராக. ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டு தீ கேன் வரைக்கும் ஏறி வருவதும் உண்டு.

பெட்ரோல் இன்னும் மோசம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூட அது பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். நம் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். நீங்கள் இங்கே தீக்குச்சி கிழிப்பதற்குள் அது உங்கள் கால் வழியாக அறையின் மூலை வரை போய் உட்கார்ந்திருக்கும். தின்னர், ஸ்பிரிட், படகுக்கு வைத்திருக்கும் டீசல், கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசர் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பங்காளிகள்தான். சானிடைசர் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தெரிவதற்குள் சட்டை போயிருக்கும்.

சரி, எண்ணெய் இல்லாமல் எப்படி? அத்தை அன்றைக்கு எங்களுக்கு எடுத்த பாடத்தை அப்படியே தருகிறேன். ஃபீஸ் கிடையாது.

முதல் பாடம், வழித்து எடு. அடுப்பில் அடைந்திருக்கும் பழைய சாம்பலை அள்ளினாள். தீக்கு மூச்சு வேண்டும். சாம்பல் வாயை அடைத்திருந்தால் மூச்சு எப்படி விடும்? (அள்ளுவதற்கு முன் கையைச் சாம்பலுக்கு மேலே நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். சாம்பலுக்குள் கங்கு ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும். அதனால் சாம்பலைத் தகர வாளியில்தான் கொட்ட வேண்டும். பிளாஸ்டிக் கூடையிலோ குப்பைமேட்டிலோ இல்லை.)

இரண்டாவது, காய்ந்ததாகப் பார். நமுத்த விறகை மச்சான் நீட்டினான். அத்தை கண்டுகொள்ளவில்லை. உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்த சவுக்குக் கட்டையை எடுத்து வந்தாள். புயல் எச்சரிக்கை வந்ததும் நாமெல்லாம் பவர் பேங்க் சார்ஜ் பண்ணினோம்; அவள் விறகைப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்! அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரைக்கும்கூடத் தண்ணீர்தான். அதை எரிப்பதென்றால் முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி அனுப்ப வேண்டும். சோறு பொங்குவதற்கு முன் கட்டையைப் பொங்க வைக்கிற கதை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது. 'தொப்' என்றால் வேலைக்காகாது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பையன், கடலில் ஒதுங்கிய ஒரு கட்டையையும், உடைந்த ஃபைபர் படகின் துண்டையும் இழுத்து வந்து போட்டான். அத்தை இரண்டையும் காலால் ஒதுக்கிவிட்டாள். கோயில் கதையின் நீதி! உப்பு ஊறிய கட்டையும், ஃபைபரும், பெயின்ட் அடித்த பலகையும், பிளைவுட்டும் எரியத்தான் செய்யும். ஆனால் வருகிற புகை விஷம். பிளாஸ்டிக் கவரை வைத்துப் பற்றவைப்பதும் இதே கேஸ்தான்.

மூன்றாவது, சின்னதிலிருந்து பெரிசு. இதுதான் மொத்த வித்தையும். அடியில் பன்னாடையும் தேங்காய் நாரும். அதன் மேல் சவுக்கு மிளாறு, ஈர்க்குச்சி கனத்தில். அப்புறம் விரல் கனத்தில் சிராய். அப்புறம்தான் மணிக்கட்டுக் கனக் கட்டை. எல்லாவற்றுக்கும் நடுவே இடைவெளி. எங்கள் மச்சான் எடுத்த எடுப்பில் தொடை கனத்தில் ஒன்றை உள்ளே செருகியிருந்தான். "ஒண்ணாங்கிளாஸ்ல போயி காலேஜ் பொஸ்தகத்த குடுக்குற மாதிரி இருக்குடா" என்றாள்.

இதற்கும் காரணம் உண்டு. கட்டை நேராக எரிவதில்லை. 250, 300 டிகிரி வாக்கில் சூடேறினால் அதிலிருந்து வாயு கிளம்பும்; அந்த வாயுதான் எரிகிறது. ஈர்க்குச்சி மெல்லியது, ஒரு தீக்குச்சியின் சூட்டிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். தடிக்கட்டை வராது. ஈர்க்குச்சி சிராயைச் சூடாக்கும், சிராய் கட்டையைச் சூடாக்கும். நடுவில் ஒரு படியை விட்டால் தீ வழுக்கி விழுந்துவிடும். அந்தப் படியைத் தாண்டத்தான் நாம் பெட்ரோலைத் தேடுகிறோம்.

நான்காவது, உன்னைப் பார்த்துக்கொள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். என்னைப் பார்த்து, "அந்தச் சட்டைய கழட்டி வெச்சுட்டு வா" என்றாள். பாலியஸ்டர் கலந்த ஆபீஸ் சட்டை. பருத்தி எரியும், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பிள்ளைகள் மூன்று முழம் தள்ளி.

ஐந்தாவது, கிழி, காத்திரு, பிறகு ஊது. காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரே ஒரு குச்சி கிழித்துப் பன்னாடைக்கு அடியில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் உடனே குனிந்து ஊத ஆரம்பித்தோம். "ஊதாதீங்கடா! பொறந்த கொழந்தைய ஓட சொல்லுவியா?" ஜுவாலை மிளாற்றைப் பிடித்து, சிராயில் சிவப்புக் கங்கு தெரிந்த பிறகுதான் ஊதாங்குழலை எடுத்தாள். மெதுவாக, நீளமாக ஒரே மூச்சு. குழலுக்கு இன்னொரு உபயோகமும் இருப்பது அப்போதுதான் உறைத்தது: அது முகத்தை அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கிறது.

மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அடுப்பு எரிந்தது. அரை மணியில் மண்சட்டியில் மீன் குழம்பு. மச்சான் பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றிவிட்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்தான்.

குளிர்தேசங்களில் வீட்டுக் கணப்புக்குள் ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தி, கண்ணாடிக் கதவு போட்டு, அதில் விறகு எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். அங்கே அடுக்குவது தலைகீழ். பெரிய கட்டைகள் அடியில், சிராய் நடுவில், சுள்ளி உச்சியில். தீ வைப்பது உச்சியில். மெழுகுவத்தி மாதிரி மேலிருந்து கீழே எரிந்து வரும். கீழ்க் கட்டை சூடாகி விடுகிற வாயு, மேலே இருக்கும் ஜுவாலைக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும். அதனால் புகை குறைவு. பற்றவைக்குமுன் புகைபோக்கியின் மூடி திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டிருந்தால் ஒரு காகிதச் சுருளை எரித்து அதைச் சூடாக்கிவிட்டுத்தான் ஆரம்பம். தீ நன்றாகப் பிடிக்கும்வரை காற்று வழியை முழுசாகத் திறந்து வைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டுவார்கள். இல்லாவிட்டால் அந்தக் கரியே பற்றி எரியும். எண்ணெய் ஊற்றுவது மட்டும் அங்கேயும் கூடவே கூடாது. நம் அடுப்பில் விறகை முன்வாயிலிருந்து தள்ளுகிறோம், சட்டி மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்தத் தலைகீழ் அடுக்கு சரிப்படாது. ஆனால் ஊட்டி காட்டேஜ் கணப்புக்குச் சரியாக வரும். முயற்சி பண்ணிப் பாருங்கள்.

கணப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. குளிருக்காகவோ, பார்பெக்யூ பண்ணிய பிறகு மிச்சச் சூட்டுக்காகவோ கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூங்கியவர் தூங்கியபடியே போய்விடுவார். சாதாரண விறகுப் புகையும் லேசுப்பட்டதல்ல. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 'விறகு அடுப்புச் சமையல் ருசியே தனி' என்று நாம் சப்புக்கொட்டுகிறோம். அந்த ருசிக்கு யாருடைய கண்ணும் நுரையீரலும் விலை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அத்தை சார்ப்பை மூன்று பக்கமும் திறந்து போட்டிருப்பது சும்மா இல்லை.

அண்ணாந்தும் பார்க்க வேண்டும். அடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது? 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல்கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவி, வகுப்பறைகளின் கீற்றுக்கொட்டகைக்குப் பரவியது. 94 குழந்தைகள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. கீற்றுக்கு அடியில், பந்தல் துணிக்கு அடியில் அடுப்பு வைக்காதீர்கள். கல்யாண வீட்டில், கோயில் கூழ் ஊற்றும் இடத்தில் யாராவது வைத்தால் போய்ச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லாம் மீறி உடையில் தீ பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டுக் கொழுந்துவிடும். கீழே படுத்து உருளுங்கள். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 108-க்குப் போன் செய்யுங்கள். பேனா மை, டூத் பேஸ்ட், இட்லி மாவு இவற்றுக்கெல்லாம் வேறு உபயோகங்கள் இருக்கின்றன.

கடைசியாக, சனிக்கிழமை சாயங்காலம் கிடாரும் சவுக்குக் கட்டையுமாகக் கடற்கரைக்கு வரும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டெல்லாம் முடிந்ததும் காலால் மணலைத் தள்ளித் தீயை மூடிவிட்டுப் போகிறீர்கள். மேலே பார்த்தால் வெறும் மணல். உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்; மணல் அதற்குப் போர்வை. கடல் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டு வாளி தண்ணீர் மொண்டு ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே நீட்டிச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகு பைக்கைக் கிளப்புங்கள். விடிந்ததும் வலை இழுக்க வருகிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்த மணலில் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை.